2⁶⁷ − 1: தோற்கவே முடியாத சோதனையில் தேறிய ஓர் எண்

பின்னணி

மட்டக்களப்பு, கல்லடிப் பக்கம் வார இறுதிகளில் கூடும் ஒரு சிறிய கணித வட்டத்தில் நடந்தது இது. ரியூசன் வகுப்பு மாதிரி காசும் பாடத்திட்டமும் கிடையாது, யார் எந்தக் கணக்கைக் கொண்டுவருகிறார்களோ அதைப் போட்டுப் பார்ப்போம், அவ்வளவுதான். உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கிறவர்கள், இணைந்த கணிதத்தை இப்போதுதான் தொடங்கியவர்கள், வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒருவர் என்று வருகிறவர்கள் கலவையானவர்கள். நான் அதை ஒழுங்குபடுத்துகிறவன். ஆட்களின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் விட்டுவிடுகிறேன், அவை இங்கே தேவைப்படாது.

உயர்தரம் முடித்த மாணவன் ஒருவன் தன் பழைய பாடசாலையின் கணிதக் கண்காட்சிக்கு ஒரு பனர் தயாரித்துக்கொண்டிருந்தான். அதன் நடுவில் பெரிய எழுத்தில் 147573952589676412927 என்ற எண், அதன் கீழே "21 இலக்கங்கள் கொண்ட முதன்மை எண்", அதாவது 1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண். இன்னும் கீழே இன்னொரு உரிமைகோரல்: இந்த எண்ணை 2⁶⁶ ஆல் பெருக்கினால் வரும் 41 இலக்க எண், 6, 28, 496 ஆகியவற்றைப் போல, தன்னைத் தவிர்ந்த காரணிகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமாகும் என்று. முதல் வரி சரியென்றால் இரண்டாவது வரியும் சரி, அது யூக்ளிட் காலத்திலேயே தெரிந்த விஷயம். முதல் வரி பிழையானால் இரண்டும் போய்விடும்.

அந்த எண் 2⁶⁷ − 1. ஏன் 67ஐப் பிடித்தான் என்றால், பிரெஞ்சுத் துறவி மரென் மெர்சென் 1644இல் கொடுத்த பட்டியலை எங்கோ பார்த்திருக்கிறான். 2இன் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் முதன்மை எண் வரும் சுட்டிகள் என்று மெர்சென் சொன்னவை 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. பட்டியலின் கடைசி இரண்டும் மிகப் பெரியவை, 31 எல்லோருக்கும் தெரிந்தது, ஆகவே 67. அந்தப் பட்டியலில் 67உம் 257உம் பிழை என்பதும், 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டுப்போயின என்பதும் அவன் பார்த்த இடத்தில் இருக்கவில்லை.

பட்டியலை அப்படியே நம்பிப் பனர் அடிக்கவும் அவன் போகவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். தானே பைதனில் ஒரு செய்நிரல் எழுதிச் சோதித்துவிட்டுத்தான் வந்தான். சிக்கல் அந்தச் சோதனையில்தான்.

செய்நிரலில் இருந்தது

முதலில் அவன் எழுதியது நேரடியான வகுத்தல். 3, 5, 7 என்று ஒற்றை எண்களால் வகுத்துக்கொண்டே போவது. 10 கோடி வரை ஓடியும் ஒரு காரணியும் அகப்படவில்லை. முழுதாக முடிக்க வேண்டுமானால் வர்க்கமூலம் வரை, அதாவது ஏறக்குறைய 1,214 கோடி வரை போக வேண்டும். பழைய மடிக்கணினி, விசிறி ஓய்வில்லாமல் சத்தம் போடுகிறது, வீட்டில் கரண்ட் பில் பேச்சு வேறு. நிறுத்திவிட்டான்.

அப்புறம் வேகமான வழி தேடியபோது ஃபெர்மாவின் சிறிய தேற்றம் கண்ணில் பட்டிருக்கிறது. ஓர் ஒற்றை எண் முதன்மை எண்ணாக இருந்தால், 2ஐ அந்த எண்ணுக்கு ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அதே எண்ணால் வகுக்கும்போது மீதி 1 வரும். 7ஐ எடுத்தால் 2⁶ = 64, ஏழால் வகுத்தால் மீதி 1. பைதனில் இது ஒரே வரி, 21 இலக்க எண்ணுக்கும் கண்ணிமைக்கும் நேரம்தான். அவன் எழுதிய நிபந்தனை இது: மீதி 1 வந்தால் "முதன்மை" என்று அச்சிடு, வராவிட்டால் "சேர்த்தி" (சிறிய காரணிகளாகப் பிரியும் எண்) என்று அச்சிடு.

தேற்றம் சொல்வது ஒரு திசையில் மட்டும். முதன்மை என்றால் மீதி 1. மீதி 1 என்றால் முதன்மை என்று தேற்றம் சொல்லவில்லை, அந்த மறுதலை உண்மையும் இல்லை. இதை அவன் அறவே யோசிக்காமல் இருக்கவில்லை. 3இலிருந்து 300 வரை எல்லா எண்களிலும் செய்நிரலை ஓட்டிப் பார்த்திருக்கிறான், ஒரு பிழையும் இல்லை. ஏனென்றால் இந்தச் சோதனையை ஏமாற்றும் மிகச் சிறிய சேர்த்தி எண் 341 (11 × 31). 300இல் நிறுத்தாமல் 400 வரை போயிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

ஒரே எண், இரண்டு திரை

அவன் வட்டத்தில் பனரைக் காட்டியபோது முதலில் மறுத்தது களுவாஞ்சிக்குடியிலிருந்து வரும் மாணவி. அவள் எக்செல்லில் 2இன் 67ஆம் அடுக்கைப் போட்டு ஒன்றைக் கழித்துப் பார்த்தாள், வந்தது 147573952589676000000. "கடைசியில ஆறு சைபர் இருக்கு சேர், இது பத்தாலயே பிரியுமே, எப்படி முதன்மை எண் ஆகும்?"

அவன் தன் திரையைக் காட்டினான், அவள் தன் திரையைக் காட்டினாள். கொஞ்சம் சூடாகவே போனது. இரண்டு பேரும் கணினியைச் சாட்சிக்கு இழுத்தார்கள், இரண்டு சாட்சியும் பிழை.

எக்செல் விஷயம் சுருக்கமானது. அது எண்களை 15 பொருளுடைய இலக்கங்களுக்கு மேல் காட்டாது, மிச்சத்தைச் சைபரால் நிரப்பிவிடும். உள்ளே சேமிப்பதும் 53 இருமைத் தானங்கள்தான், ஆகவே 2⁶⁷இலிருந்து 1ஐக் கழித்தாலும் அந்த 1 காணாமல் போய் 2⁶⁷ ஆகவே நின்றுவிடுகிறது. கணினியே வேண்டாம், தாளிலேயே இதைப் பிடிக்கலாம். 2இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுற்றி வரும். 67ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3, ஆகவே கடைசி இலக்கம் 8, ஒன்று போனால் 7. ஏழில் முடிகிற எண் பத்தால் பிரியாது. மாணவி அதை உடனே ஒத்துக்கொண்டாள். பைதன் முழு எண்களை எத்தனை இலக்கமானாலும் அப்படியே வைத்திருக்கும் என்பதால் அவன் பக்கத்தில் எண் சரியாகவே இருந்தது.

இதனால் ஒரு கெடுதலும் நடந்தது. எதிர்த்துப் பேசியவளின் காரணம் பிழை என்றானதும், எதிர்ப்பே பிழை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பனர் வென்றுவிட்டது போல ஒரு நிலை.

முதல் முடிவு: காரணிகளை அப்போதைக்குச் சொல்லாதிருப்பது

இந்த எண் முதன்மை அல்ல என்பது எனக்குத் தெரியும், எண்கணித வரலாறு கொஞ்சம் வாசித்த யாருக்கும் தெரியும். 1876இல் எட்வார்ட் லூக்கா அது சேர்த்தி எண் என்று காட்டிவிட்டார். 1903 ஒக்டோபரில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் இரண்டு காரணிகளையும் முன்வைத்தார். வாய் திறக்காமல் கரும்பலகையில் ஒரு பக்கம் 2⁶⁷ − 1ஐக் கணித்து, மறுபக்கம் இரண்டு எண்களைப் பெருக்கி, இரண்டு விடையும் ஒன்றாக வந்ததும் பேசாமல் போய் உட்கார்ந்தார் என்றும், எவ்வளவு காலம் எடுத்தது என்று கேட்டதற்கு மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்றார் என்றும் ஒரு கதை உண்டு. கதை கொஞ்சம் மெருகேறியிருக்கலாம், காரணிகள் உண்மை.

அந்த இரண்டு எண்களையும் பலகையில் எழுதியிருந்தால் விவகாரம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் பனர்தான் திருந்தும், செய்நிரல் அப்படியே இருக்கும். அடுத்த கண்காட்சிக்கு வேறொரு எண் அதே சோதனையில் தேறி வந்து நிற்கும், அப்போது விடை சொல்ல கோல் இருக்கமாட்டார். அதனால் பையனிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "தம்பி, உன் சோதனை 'சேர்த்தி' என்று சொன்ன ஏதாவது ஓர் எண்ணை, இதே மாதிரி 2இன் அடுக்கில் ஒன்று குறைந்ததாக, முதன்மைச் சுட்டியோடு, எனக்குக் காட்டு பார்ப்போம்."

அதே நேரம் பாடசாலையின் பொறுப்பாசிரியைக்கு அழைத்து, பனரில் இருக்கிற கூற்றில் சந்தேகம் இருக்கிறது, அச்சுக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடிக்கட்டும் என்பது சரிதான், அதற்காக ஒரு பாடசாலைச் சுவரில் பொய்யைத் தொங்கவிட முடியாது.

பத்தொன்பதுக்குப் பத்தொன்பது

67 வரை முதன்மைச் சுட்டிகள் 19 இருக்கின்றன. பையன் எல்லாவற்றையும் ஓட்டினான். 19க்கும் "முதன்மை" என்றே வந்தது.

முதலில் அவனுக்குச் சந்தோஷம்தான். சுட்டி முதன்மை என்றால் 2இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணும் முதன்மை என்று ஏதோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்த மாதிரி. மாணவி பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, 2¹¹ − 1 எத்தனை என்று கேட்டாள். 2047. தாளில் 3, 7, 11, 13 என்று வகுத்துக்கொண்டே போனவள் 23இல் நின்றாள்: 23 × 89. அப்புறம் 2²³ − 1 = 8388607 = 47 × 178481 என்பதை இன்னொருவன் கண்டுபிடித்தான். அதற்குப் பிறகு பட்டியலில் ஒன்றொன்றாக விழத் தொடங்கின. உண்மையில் அந்தப் பத்தொன்பதில் முதன்மை எண்ணைத் தருபவை 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 61 ஆகிய ஒன்பது சுட்டிகள் மட்டும். மீதிப் பத்தும் சேர்த்தி, ஆனால் செய்நிரல் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை.

ஏன் என்பதைப் பலகையில் போட்டோம், இந்த நிகழ்வின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். 2⁶⁷ஐ 2⁶⁷ − 1ஆல் வகுத்தால் மீதி 1, இதில் ஒரு வித்தையும் இல்லை, எண்ணை விட ஒன்று கூட. ஆகவே 67இன் எந்த மடங்கைச் சுட்டியாகப் போட்டாலும் மீதி 1தான். இப்போது சோதனையில் நாம் போடும் சுட்டி எது? எண்ணுக்கு ஒன்று குறைந்தது, அதாவது 2⁶⁷ − 2. 67 முதன்மை எண் என்பதால் அதே ஃபெர்மா தேற்றப்படி 2⁶⁷ − 2 என்பது 67ஆல் மீதியின்றி வகுபடும். முடிந்தது கதை. மீதி 1 வந்தே தீரும். 2⁶⁷ − 1 முதன்மையா சேர்த்தியா என்பது இந்த வாதத்தில் எங்கேயும் வரவே இல்லை, பாருங்கள். 67க்குப் பதில் எந்த முதன்மைச் சுட்டியைப் போட்டாலும் இதே கதைதான். அந்த எண் சோதனையில் தோற்க வழியே இல்லாதபோது, தேறியது எதற்கும் சாட்சி ஆகாது.

பையன் விடவில்லை. அவன் சொன்ன எதிர்வாதம் நியாயமானது, அதை இங்கே பதிவு செய்ய வேண்டும். பத்து இலட்சம் வரை இந்தச் சோதனையை ஏமாற்றும் சேர்த்தி எண்கள் 245தான், முதன்மை எண்களோ 78,498. ஆகவே "முதன்மை" என்று வந்தால் அது பிழையாக இருக்கும் வாய்ப்பு முந்நூறில் ஒன்றுக்கும் குறைவு அல்லவா? சரிதான், குருட்டாம்போக்கில் ஓர் எண்ணை எடுத்தால். ஆனால் அவன் எடுத்த எண் குருட்டாம்போக்கில் வந்ததல்ல, ஏமாற்றுகிற கூட்டத்துக்குள்ளிருந்தே பொறுக்கி எடுத்தது. 2ஐ வைத்துக் கட்டிய எண்ணை 2ஐ வைத்தே சோதித்திருக்கிறான். பரீட்சைக்கு வந்த பிள்ளையே வினாத்தாளையும் தயாரித்த மாதிரி.

பலப்படுத்துவதா, அடியை மாற்றுவதா

பல்கலைக்கழக மாணவர் அப்போது ஒரு யோசனை சொன்னார்: ஃபெர்மா சோதனை பழையது, மில்லர்–ராபின் சோதனை பலமானது, அதைப் போடுவோம். போட்டோம், ஆனால் அடியாக, அதாவது அடுக்குக்கு உயர்த்தும் எண்ணாக, 2ஐயே வைத்துக்கொண்டு. அதிலும் தேறிவிட்டது! அந்தச் சோதனை சுட்டியைப் பாதியாக்கியும் மீதியைப் பார்க்கும். 2⁶⁷ − 2இன் பாதி 2⁶⁶ − 1, அதுவும் 67ஆல் வகுபடும், ஆகவே அங்கேயும் மீதி 1. சோதனை எவ்வளவு பலமானது என்பதை விட எந்த அடியில் நின்று கேட்கிறோம் என்பதுதான் இந்த வகை எண்ணுக்கு முக்கியம்.

அடியை 3 ஆக்கினோம். மீதி 1 வரவில்லை. அத்துடன் 2⁶⁷ − 1 சேர்த்தி எண் என்பது நிறுவப்பட்டுவிட்டது.

இந்த இடத்தில்தான் கூடுதல் நேரம் போனது. பையன் ஏற்கவில்லை. "என்ன சேர் இது, ஒரு காரணிகூடக் காட்டாம எப்படிச் சேர்த்தி என்டு சொல்லுவீங்க?" அவன் மட்டுமல்ல, பாதிப் பேருக்கு அதே கேள்வி. ஆறாம் வகுப்பிலிருந்து சேர்த்தி எண் என்றால் "இதோ பிரித்துக் காட்டுகிறேன்" என்றே பழகிய பிள்ளைகளுக்கு இது ஏமாற்று வேலையாகப் பட்டதில் வியப்பில்லை.

சிறிய எண்ணில் இறங்கினோம். 2047இன் காரணிகள் இப்போது தெரியும். அவற்றை மறந்துவிட்டு 3ஐ 2046ஆம் அடுக்குக்கு உயர்த்தி 2047ஆல் வகுத்தால் மீதி 1013. முதன்மையாக இருந்திருந்தால் 1 வந்தே ஆக வேண்டும், வரவில்லை, ஆகவே முதன்மை இல்லை. 1013 என்ற எண்ணில் 23உம் இல்லை, 89உம் இல்லை, பார்த்த மாத்திரத்தில் அதில் காரணி எதுவும் தெரியாது. இருந்தும் தீர்ப்பு உறுதியானது. ஃபெர்மா தேற்றத்தின் நேர்த்திசை இங்கே வேலை செய்கிறது, மறுதலை தேவைப்படவே இல்லை. செய்நிரலின் "சேர்த்தி" என்ற பதில் எப்போதும் நம்பத்தக்கது, "முதன்மை" என்ற பதில்தான் சந்தேகத்துக்குரியது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் பிடிபட்டது.

காத்தான்குடிப் பையன் ஒருவன் இன்னும் திருப்திப்படாமல், வேறொரு வழியிலும் இதே தீர்ப்பு வருகிறதா என்று கேட்டான். நல்ல கேள்வி. லூக்காவின் முறையை டி. எச். லேமர் பின்னாளில் செம்மைப்படுத்திய வடிவம் இந்த வகை எண்களுக்கென்றே உள்ளது: 4இல் தொடங்கு, வர்க்கித்து 2ஐக் கழி, எண்ணால் வகுத்து மீதியை எடு, அதையே திரும்பச் செய். 3க்கு மேற்பட்ட முதன்மைச் சுட்டிகளுக்கு, சுட்டியை விட இரண்டு குறைந்த தடவை செய்தபின் 0 வந்தால் முதன்மை, வராவிட்டால் சேர்த்தி. இங்கே இரண்டு திசையும் உண்மை. சுட்டி 11க்கு ஒன்பது படி, கடைசியில் 1736 வந்தது, ஆக சேர்த்தி. 61க்கு 59 படி, 0 வந்தது. 67க்கு 65 படி, 0 வரவில்லை. எல்லாம் கைபேசியிலேயே ஓடி முடிந்தது.

காரணியைத் தேடியது

தீர்ப்பு உறுதியான பிறகும் பையனுக்குக் காரணி வேண்டும். பனருக்கும் வேண்டும், பார்க்க வருகிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு "மீதி 1 வரவில்லை" என்று சொன்னால் யார் கேட்பார்கள்? இங்கே நான் ஒரு குறிப்பு மட்டும் கொடுத்தேன்: 2⁶⁷ − 1ஐ வகுக்கும் எந்த முதன்மை எண்ணிலிருந்தும் 1ஐக் கழித்தால் அது 67இன் மடங்காக இருக்கும். ஒற்றை எண் என்பதால் இரட்டை மடங்காக, அதாவது 134இன் மடங்காக இருக்கும். அத்தோடு 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும். 2047இல் சரிபார்த்தார்கள்: 22உம் 88உம் 22இன் மடங்குகள், 23இன் மீதி 7, 89இன் மீதி 1.

இனி எல்லா ஒற்றை எண்ணையும் தட்டிப் பார்க்கத் தேவையில்லை. 134 × க + 1 என்ற வடிவில், க = 1, 2, 3 என்று போய், 8இன் மீதி பொருந்தாதவற்றைத் தள்ளிவிட்டால் போதும். அந்தப் பழைய மடிக்கணினியிலேயே சில நொடிகளில் செய்நிரல் நின்றது. க = 1,445,580. காரணி 193707721. மற்றையது 761838257287. தட்டிய எண்கள் ஏழேகால் இலட்சத்துக்கும் குறைவு. நேரடி வகுத்தலில் இதே இடத்துக்கு வர ஒன்பதரைக் கோடிக்கு மேல் ஒற்றை எண்களை வகுத்திருக்க வேண்டும்.

இதில் பையனுக்கு வயிற்றெரிச்சல் ஒன்று. அவன் முதல் செய்நிரல் 10 கோடியில் நிறுத்தப்பட்டது, காரணி 19 கோடியே 37 இலட்சத்தில் இருந்தது. இன்னொரு மடங்கு நேரம் ஓடவிட்டிருந்தால் ஃபெர்மாவும் வேண்டாம், இந்த விவாதமும் வேண்டாம். என் பார்வையில் அங்கே நிறுத்தியது நியாயம்தான், ஏனென்றால் எல்லை 1,214 கோடி என்று கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது விடை ஆரம்பத்திலேயே இருக்கும் என்று யார் நினைப்பார்கள்.

பெருக்கிச் சரிபார்ப்பதைக் கணினியிடம் விட அவர்களுக்கு விருப்பமில்லை. கோல் செய்த மாதிரியே தாளில் செய்வதென்று காத்தான்குடிப் பையன் உட்கார்ந்தான். முதல் தடவை ஓரிடத்தில் கொண்டுபோன இலக்கம் தவறிவிட்டது, இலக்கங்களைக் கூட்டி ஒன்பதால் வகுத்துப் பார்த்ததில் பிழை தெரிந்தது. இரண்டு காரணிகளுக்கும் அந்த மீதி 1, ஆகவே பெருக்கத்துக்கும் 1 வர வேண்டும். 147573952589676412927இன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 109, மீதி 1. திருத்திய பெருக்கல் பொருந்தியது.

கண்காட்சி

பழைய பனர் அச்சாகவில்லை, வடிவமைப்புக்குக் கொடுத்த காசு மட்டும் போனது. புதிய பனரில் இடப்பக்கம் அந்த 21 இலக்க எண், நடுவில் 19 சுட்டிகளின் அட்டவணை, சோதனை சொன்னது ஒரு நிரலில், உண்மை இன்னொரு நிரலில். வலப்பக்கம் முழுப் பெருக்கல். 41 இலக்க எண் பற்றிய வரியையும் விட்டுவிடாமல், 2⁶⁷ − 1 உடைந்ததால் அந்த 41 இலக்க எண்ணின், தன்னைத் தவிர்ந்த காரணிகளின் கூட்டுத்தொகை அந்த எண்ணைத் தாண்டிவிடுகிறது என்று மாற்றி எழுதினார்கள். பொறுப்பாசிரியைக்கு முதலில் தயக்கம், "முதன்மை இல்லாத எண்ணைப் போய் ஏன் காட்டுறீங்க, பிள்ளையள்" என்றார். அட்டவணையைப் பார்த்த பிறகு அவரே நல்ல இடத்தில் மாட்டச் சொன்னார்.

வந்த பெற்றோர் ஒருவர் இதால் என்ன பிரயோசனம் என்று கேட்டார். இரண்டு பெரிய முதன்மை எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கத்திலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம், இணையத்தில் நடக்கும் பணப் பரிமாற்றங்களின் பாதுகாப்பில் அந்தக் கடினத்துக்கு நீண்டகாலமாகப் பங்கு உண்டு, அங்கே பயன்படும் எண்கள் 600 இலக்கத்தையும் தாண்டும் என்று மாணவி விளக்கினாள். காரணி தெரியாமல் சேர்த்தி என்று மட்டும் தெரிந்த எண் இன்றைக்கும் இருக்கிறதா என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு, 2¹²⁷⁷ − 1ஐக் காட்டினார்கள். 385 இலக்கங்கள், சேர்த்தி என்பது உறுதி, இதை எழுதும் வரை அதன் ஒரு காரணியும் கண்டுபிடிக்கப்படவில்லை.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

செய்நிரலில் இப்போது 2இலிருந்து 37 வரையுள்ள பன்னிரண்டு முதன்மை எண்களும் அடிகளாகப் போகின்றன, சோதனை மில்லர்–ராபின். 318665857834031151167461 என்ற 24 இலக்க எண்ணுக்குக் கீழே இந்தப் பன்னிரண்டையும் ஒருசேர ஏமாற்றும் சேர்த்தி எண் கிடையாது, ஆகவே அந்த எல்லைக்குள் "முதன்மை" என்ற பதிலும் உறுதி. 2, 3, 5, 7 நான்கு மட்டும் போதாதா என்று கேட்டவர்களுக்கு: 3215031751 அந்த நான்கையும் ஏமாற்றும், அது 151 × 751 × 28351.

செய்நிரலைச் சரிபார்க்கும் பட்டியலும் மாறியது. முன்பு 3இலிருந்து தொடர்ச்சியாக ஓட்டிவிட்டு "பிழையில்லை" என்பார்கள். இப்போது சோதிக்கப்போகும் எண் எந்தக் குடும்பமோ அதே குடும்பத்தில் காரணி தெரிந்த ஒன்றைக் கட்டாயம் போட வேண்டும், மெர்சென் வகைக்கு 2047. அது "சேர்த்தி" என்று வராவிட்டால் மேலே போவதில்லை. பெரிய எண்ணை எக்செல்லில் வைக்க வேண்டி வந்தால் எழுத்தாகத்தான் வைப்பது.

விவாதத்தை நடத்தும் விதத்திலும் ஒன்றை மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். மாணவியின் எக்செல் காரணம் உடைந்ததும் அவளது சந்தேகமும் சேர்ந்து தள்ளப்பட்டது, அவள் சந்தேகப்பட்டது சரி என்பது பின்னால்தான் தெரிந்தது. இனி ஒருவரின் காரணம் விழுந்தால், கூற்றையும் அதன் சாட்சியையும் தனித்தனியாகப் பலகையில் எழுதிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போவது. நான் காரணிகளை மறைத்து வைத்தது பற்றிப் பையனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது, தெரிந்துகொண்டே ஓடவிட்டீர்களே என்று. அதே நிலை திரும்ப வந்தால் அதையேதான் செய்வேன், அவனிடமும் அப்படியே சொன்னேன்.

அடுத்த கண்காட்சிக்குப் பொறுப்பாசிரியை 2¹²⁷ − 1ஐக் கேட்டிருக்கிறார், இந்த முறை உண்மையான முதன்மை எண் வேண்டுமாம். மெர்சென் பட்டியலில் சரியாக இருந்த ஒன்று அது, 1876இல் லூக்காவே நிறுவியது. 39 இலக்கம் என்பதால் பன்னிரண்டு அடிகளின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது, செய்நிரல் அதற்கு "முதன்மையாக இருக்கலாம்" என்று மட்டும்தான் அச்சிடும். ஆகவே லூக்கா–லேமரின் 125 படிகளையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவதென்று பையன்கள் முடிவெடுத்திருக்கிறார்கள், இப்போதைய தகராறு எத்தனை தாள் வேண்டும் என்பதில்.